‘பெட்டர் டேஸ்’ படத்தை வீட்டில் பார்க்க: ஓடிடியா, டிவிடியா, ப்ளூ-ரேயா?

அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அரையாண்டு விடுமுறை முடிந்ததும் பள்ளி வேனில் ஏற மாட்டேன் என்றாள். காரணம் கேட்டால் பதில் இல்லை. அண்ணனும் அண்ணியும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்துவிட்டு, “நீ பேசிப் பார்” என்று என்னிடம் அனுப்பினார்கள். நேராகக் கேட்டால் வாய் திறக்காத பிள்ளையிடம் எப்படிப் பேசுவது? அப்போது நினைவுக்கு வந்தது ‘பெட்டர் டேஸ்’. பள்ளியில் சக மாணவிகளால் வதைக்கப்படும் ஒரு பெண்ணைப் பற்றிய சீனப் படம், 2019இல் வெளியானது. எனக்கு அதைப் பற்றிக் கேள்விஞானம் மட்டுமே இருந்தது. அவளுக்குக் காட்டலாமா, காட்டுவதென்றால் எதில் காட்டுவது என்று தேடத் தொடங்கியவள், அடுத்த இரண்டு மாதங்களில் அதே படத்தைக் கைப்பேசியில் ஒருமுறை, டிவிடியில் ஒருமுறை, டிவிடியைவிடத் தெளிவான படம் தரும் ப்ளூ-ரே தகட்டில் ஒருமுறை பார்த்து முடித்தேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க ப்ளூ-ரே வாங்குங்கள். அதற்கு முன் நீங்கள் மட்டும் பார்த்துத் தெளிந்துகொள்ள, இணையத்தில் வாடகைக்கு எடுத்தால் போதும். டிவிடி இந்தப் படத்துக்குப் பொருந்தாது. கைப்பேசியில் பிள்ளைக்குக் காட்டுவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். இவற்றுக்கான காரணங்களில் சில தொழில்நுட்பம் சார்ந்தவை. பெரும்பாலானவை படத்திலிருந்தே வருபவை. அதனால் படத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். பின்பாதிக் கதையைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

இயக்கியவர் ஹாங்காங்கைச் சேர்ந்த டெரெக் சாங். நடிகர் எரிக் சாங்கின் மகன். 2016இல் வந்த இவருடைய ‘சோல்மேட்’ படத்தில் நடித்த இரண்டு நடிகைகளுக்கும் தைவானின் தங்கக் குதிரை விருது பகிர்ந்தளிக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான சோவ் டோங்யூதான் இந்தப் படத்தின் நாயகி சென் நியன். உடன் நடித்தவர் ஜாக்சன் யீ. சிறுவயதிலேயே ஒரு பாட்டுக் குழுவில் சேர்ந்து, சீனா முழுவதும் ரசிகர்களைப் பெற்றவர். அந்தப் பளபளப்பெல்லாம் உதிர்ந்துபோய், அடிபட்ட முகத்தோடு தெருவில் திரியும் ஷாவ் பெய் என்ற பையனாக இதில் வருகிறார். படத்தின் சீனத் தலைப்பு ‘ஷாவ்நியன் த நீ’. ‘இளம்பருவத்து நீ’ என்று ஏறத்தாழப் பொருள் கொள்ளலாம்.

கதை 2011இல், ஆன்ச்சியாவ் என்ற கற்பனை நகரில் நடக்கிறது. படம்பிடித்த இடம் சோங்கிங். மலைமேல் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் ஊர் அது. முடிவில்லாத படிக்கட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் பாலங்கள், வெயில் எட்டாத சந்துகள். காவ்காவ் எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. வழக்கமாக ஜூன் 7இல் தொடங்கும் அந்தத் தேர்வுக்குப் படம் வெளியான 2019இல் மட்டும் 1 கோடியே 3 லட்சம் பேர் பதிவு செய்திருந்தார்கள். வகுப்பில் ஒவ்வொரு மேசைமேலும் புத்தகங்கள் மதில்போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதற்குப் பின்னால் தலை குனிந்த பிள்ளைகள். பக்கத்து மேசையில் யார் அழுகிறார்கள் என்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

அந்தப் பள்ளியில் ஹூ ஷாவ்தியே என்ற மாணவி மாடியிலிருந்து குதித்து இறந்துபோகிறாள். முற்றத்தில் உடல் கிடக்கிறது. மாடித் தாழ்வாரங்களில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் திரண்டு, கைப்பேசியை உயர்த்திப் படம் எடுக்கிறார்கள். சென் நியன் ஒருத்திதான் கீழே இறங்கிவந்து, தன் மேற்சட்டையைக் கழற்றி அந்தப் பெண்ணின் மேல் போர்த்துகிறாள். அந்த ஒரு செயலுக்காக, இறந்தவளை வதைத்தவர்களின் அடுத்த குறியாக அவள் ஆகிவிடுகிறாள்.

படத்தை முதலில் நான் கைப்பேசியில்தான் பார்த்தேன், இரவு பதினொரு மணிக்கு மேல், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு. மேலே சொன்ன காட்சி வந்தபோது என் கையில் இருந்தது என்ன என்று உறைத்தது. அவர்கள் உயர்த்திப் பிடித்த அதே கருவியை நானும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் வரும் இன்னொரு காட்சியில், சென் நியனைச் சூழ்ந்து அடித்து முடியை வெட்டும்போதும் ஒருத்தி கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆறு அங்குலத் திரையில் அதைப் பார்ப்பது, அந்தக் காணொளி யாரோ எனக்கு அனுப்பிவைத்தது போலவே இருந்தது. பெரியவளான எனக்கே குமட்டியது. இதே போன்ற காணொளிகள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவதைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, இந்தக் காட்சியும் அவற்றோடு ஒன்றாகக் கலந்துவிடும் ஆபத்து இருக்கிறது. கூடத்தில் பெரிய திரையில், பக்கத்தில் ஒருவர் அமர்ந்திருக்க, எல்லோர் கண்ணெதிரேயும் ஓடும்போது அது வேறு பொருள் கொள்கிறது. மறைவில் பார்ப்பதாக இல்லாமல், கூடி நின்று சாட்சி சொல்வதாக மாறுகிறது. கைப்பேசி வேண்டாம் என்று நான் சொல்வதற்குப் படத்தரம் ஒரு காரணமே அல்ல.

படத்தரம் முக்கியமாவது டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் இடையே தேர்ந்தெடுக்கும்போதுதான். டிவிடி மலிவு, பழைய ப்ளேயரே போதும் என்று நினைத்து நானும் முதலில் அதையே நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கினேன். அமெரிக்க டிவிடியின் படம் 720க்கு 480 புள்ளிகள். ப்ளூ-ரே 1920க்கு 1080. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஆறு மடங்கு. வெயிலில் எடுத்த குடும்பப் படத்துக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாமல் போகலாம். இந்தப் படத்தில் பாதி இரவிலும் சந்திலும் நடக்கிறது. டிவிடியில் அந்த இருட்டு திட்டுத் திட்டாகக் கறுத்துப்போய், பின்னால் நடந்துவரும் பையன் யார் என்றே தெரியவில்லை. ஷாவ் பெய் அவளுக்குச் சில அடிகள் பின்னால், யாருக்கும் தெரியாமல், காவலாக நடந்துவருவதுதான் இந்தக் கதையின் உயிர். அவன் நிழலில் இருக்கிறான் என்பது தெரிய வேண்டுமென்றால் நிழலுக்குள்ளே பார்க்க முடிய வேண்டும்.

முகங்கள் இன்னொரு காரணம். ஒளிப்பதிவாளர் யூ ஜிங்பின், கேமராவை நடிகர்களின் முகத்துக்கு மிக அருகே கொண்டுபோகிறார். கன்னத்துக் காயம் நாளுக்கு நாள் ஆறிவருவதும், உதட்டில் தோல் உரிந்திருப்பதும், அழுகையை அடக்கும்போது கழுத்தில் நரம்பு துடிப்பதும் சொல்லாத வசனங்கள். பிற்பகுதியில் கண்ணாடித் தடுப்புக்கு இருபுறமும் இருவர் அமர்ந்து ஒருவரையொருவர் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. பேச்சே இல்லை. கண்ணாடியில் ஒரு முகத்தின் மேல் இன்னொரு முகம் படிகிறது. டிவிடியில் அது மங்கலாகக் கடந்துபோய்விட்டது. ப்ளூ-ரேயில் பார்த்தபோது என்னால் எழுந்து போக முடியவில்லை.

நல்ல இணைய இணைப்பு இருந்தால் ஓடிடியும் டிவிடியைவிட மேல்தான், அதில் ஐயமில்லை. எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3 ஜிபி வரை தரவு வருகிறது. இரண்டேகால் மணி நேரப் படத்துக்கு 7 ஜிபிக்குள் முடிந்துவிடும். ப்ளூ-ரே தகட்டில் 25 அல்லது 50 ஜிபி இடம் உண்டு. வீட்டுத் தொலைக்காட்சியில் இந்த வேறுபாடு இரவுக் காட்சிகளில்தான் கண்ணுக்குத் தெரியும். இணைப்பு தடுமாறி, படம் பூசியதுபோல ஆகி, அழுகைக் காட்சியின் நடுவே வட்டம் சுற்ற ஆரம்பித்தால் ஏற்படும் எரிச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ப்ளூ-ரே வாங்கும்போது நான் ஒரு தவறு செய்தேன். நீங்கள் செய்ய வேண்டாம். வெளிநாட்டிலிருந்து விற்கும் ஓர் இணையக் கடையில் தகட்டை வாங்கி, மூன்று வாரம் காத்திருந்து, வந்ததும் ஆவலோடு போட்டால், மண்டலம் பொருந்தவில்லை என்று திரையில் ஒரு வரி மட்டும் வந்து நின்றது. தகட்டில் பழுதில்லை. உலகத்தைப் படத் தயாரிப்பாளர்கள் மண்டலங்களாகப் பங்கு பிரித்து, ஒரு மண்டலத்துக்கான தகடு அந்த மண்டலத்து ப்ளேயரில் மட்டுமே ஓடும்படி வைத்திருப்பதை நான் மறந்துவிட்டேன்.

ப்ளூ-ரேக்கு மூன்று மண்டலங்கள். வட, தென் அமெரிக்கா, ஜப்பான், கொரியா, தைவான், ஹாங்காங், தென்கிழக்கு ஆசியா எல்லாம் ஏ. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு, ஆஸ்திரேலியா பி. இந்தியா, இலங்கை, ரஷ்யா, சீனப் பெருநிலம் சி. டிவிடிக்கோ கணக்கு வேறு: இந்தியாவும் இலங்கையும் 5, அமெரிக்கா 1, ஹாங்காங் 3, சீனப் பெருநிலம் 6. ஆக, ப்ளூ-ரே விஷயத்தில் நாமும் சீனாவும் ஒரே மண்டலம். ஆனாலும் அது நமக்கு உதவாது. சீனப் பெருநிலத்தில் மக்கள் புதிய படங்களை வீட்டில் பார்ப்பது ஐசியி, டென்சென்ட், யூகு போன்ற தளங்களில்தான். ஆங்கில சப்டைட்டிலோடு இந்தப் படத்தின் தகடு தேடுகிறவர்களுக்கு எளிதாக அகப்படுவது வட அமெரிக்காவில் படத்தை வெளியிட்ட வெல் கோ யுஎஸ்ஏ நிறுவனத்தின் பதிப்பு. அந்தச் சந்தை ஏ மண்டலம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் தமிழர்களுக்கு மண்டலச் சிக்கலே இல்லை, அவர்கள் வீட்டு ப்ளேயரும் ஏ தான். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ லண்டனிலோ இருப்பவர்கள் எல்லா மண்டலமும் ஓடும் ப்ளேயர் தங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். தகட்டின் பின்னட்டையில் உலக உருண்டைக்குள் ஏ, பி, சி என்று எழுத்து இருக்கும். மூன்று எழுத்தும் இருந்தால் கவலையில்லை.

ப்ளேயர் வாங்குவதும் முன்புபோல எளிதல்ல. சாம்சங் 2019இலேயே அமெரிக்கச் சந்தைக்குப் புதிய ப்ளூ-ரே ப்ளேயர்கள் செய்வதை நிறுத்திவிட்டது. தபாலில் டிவிடி அனுப்பித் தொழில் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், 2023 செப்டம்பரில் அந்தச் சேவையை மூடியது. மங்கிவரும் ஒரு பொருளுக்கு எதற்குப் பணம் செலவிட வேண்டும் என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. ப்ளேயரும் தகடும் சேர்ந்தால் ஓடிடி வாடகையைப்போலப் பல மடங்கு ஆகிறது. வேறு எந்தப் படத்துக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தப் படத்துக்குப் பரிந்துரைப்பதற்குக் காரணம், அது ஏற்கெனவே இரண்டுமுறை காணாமல் போயிருக்கிறது. 2019 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் இளையோர் பிரிவில் திரையிடப்பட இருந்தது. கடைசி நேரத்தில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதே விழாவிலிருந்து புகழ்பெற்ற சீன இயக்குநர் சாங் யீமோவின் படமும் ‘தொழில்நுட்பக் காரணம்’ என்ற இரண்டு சொல்லோடு விலகியது. பிறகு ஜூன் 27 அன்று சீனத் திரையரங்குகளில் வெளியாகும் என்று அறிவித்தார்கள். அதற்குச் சில நாட்களே இருந்தபோது அதுவும் நின்றது. கோடையும் போனது. அக்டோபர் 25 அன்று, பெரிய முன்னறிவிப்பு எதுவுமின்றி, திடீரென்று திரைக்கு வந்தது. வந்தபின் நடந்ததுதான் வியப்பு: சீனாவில் 150 கோடி யுவானுக்கு மேல் வசூல். 2020 மே மாதம் ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், இயக்குநர், நடிகை உட்பட எட்டு விருதுகள். 2021இல் ஹாங்காங் சார்பில் ஆஸ்கருக்குச் சென்று இறுதி ஐந்தில் இடம்பிடித்தது. ஆனால் அந்த ஆண்டு ஆஸ்கர் விழாவை, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒளிபரப்பிவந்த ஹாங்காங் தொலைக்காட்சி நிறுவனமே ஒளிபரப்பவில்லை.

இத்தனை தடவை கதவு மூடித் திறந்த படத்தை, யாரோ ஒருவரின் சர்வரில் இருப்பதை நம்பி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. சந்தா தளங்களில் படங்கள் உரிமக் காலம் முடிந்ததும் நீங்கிவிடும். ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தி இணையத்தில் வாங்குவதாவது நிலைக்குமா என்றால், அதற்கும் உறுதியில்லை. 2023 டிசம்பரில், தன் பிளேஸ்டேஷன் இணையக் கடையில் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் எல்லாம் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று சோனி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியபின் அந்த முடிவைக் கைவிட்டது. நாம் அங்கே வாங்குவது பொருளை அல்ல, பார்க்கும் அனுமதியை மட்டுமே என்பது பலருக்கும் அன்றுதான் புரிந்தது. அலமாரியில் இருக்கும் தகட்டை யாரும் தொலைவிலிருந்து அழிக்க முடியாது.

அடுத்தது சப்டைட்டில். ‘பெட்டர் டேஸ்’ ஒரு ஆங்கில வகுப்பில் தொடங்குகிறது. ஆண்டு 2015. இப்போது ஆசிரியையாகிவிட்ட சென் நியன் பலகையில் வாக்கியங்களை எழுதிச் சொல்லிக்கொடுக்கிறாள். ‘இது எங்கள் விளையாட்டுத் திடலாக இருந்தது’ என்பதையே ஆங்கிலத்தில் இரண்டு விதமாகச் சொல்கிறாள்: ஒன்றில் ‘வாஸ்’, மற்றதில் ‘யூஸ்ட் டு பி’. இரண்டும் கடந்த காலம். இரண்டாவதில் மட்டும் இழப்பு இருக்கிறது என்று விளக்குகிறாள். பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். படம் முழுவதையும் அந்த ஒரு சொற்றொடர் சுமக்கிறது என்பது கடைசியில்தான் விளங்கும். மொழிமாற்றக் குரலில் பார்த்தால் இந்தக் காட்சியே சிதைந்துவிடும்: சீனம் பேசும் வகுப்பில் ஆங்கிலம் அந்நியமாக ஒலிப்பதில்தான் அதன் அழகு இருக்கிறது. ஆகவே எந்த வழியில் பார்த்தாலும் மாண்டரின் மூல ஒலியும் சப்டைட்டிலும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் மகளுக்கு இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ‘திடலாக இருந்தது’, ‘முன்பெல்லாம் திடலாக இருந்தது’. அந்த ‘முன்பெல்லாம்’ வந்தவுடன் நம் குரலும் தானாகத் தணிகிறது அல்லவா? பாட்டி வீட்டைப் பற்றிப் பேசும்போது வரும் சொல் அது. அவளுக்கு உடனே புரிந்தது.

சப்டைட்டில் எட்டாத இடங்களும் உண்டு. வதைக்கும் கூட்டத்தின் தலைவி வெய் லாய். அந்தப் பெயரை உச்சரிக்கும்போது ‘எதிர்காலம்’ என்ற சீனச் சொல்லின் ஒலியே வருகிறது. தேர்வு, கல்லூரி, எதிர்காலம் என்று பிள்ளைகள் நெட்டுருப் போடும் பள்ளியில் வதைப்பவளின் பெயரும் அப்படி. வதை என்பதற்குச் சீனத்தில் இப்போது பரவலாக வழங்கும் ‘பாலிங்’ என்ற சொல்லே ஆங்கில ஒலியைத் தழுவி ஆக்கியதுதான். நம்மிடம் பகடிவதை என்ற அருமையான சொல் இருந்தும், அதைக் கல்லூரி ராகிங்கோடு நிறுத்திவிட்டோம்.

சப்டைட்டில் விஷயத்தில் இணையத்துக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தர வேண்டும். பெரும்பாலான தளங்களில் எழுத்தைப் பெரிதாக்கலாம், பின்புலம் கறுப்பாக்கலாம். டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும் சப்டைட்டில்கள் படமாகவே பதிக்கப்பட்டிருப்பதால் அளவை மாற்ற முடியாது. கண் மங்கிய தாத்தா பாட்டியும் சேர்ந்து பார்க்கும் வீட்டில் இது சிறிய விஷயமல்ல. ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராத பிள்ளைக்கு, நிறுத்தி நிறுத்தி நீங்களே தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். நானும் அப்படித்தான் செய்தேன். அது ஒரு குறையாக எனக்குத் தெரியவில்லை. நிறுத்திய இடங்களில்தான் பேச்சு வந்தது.

வயது வரம்பு பற்றியும் சொல்ல வேண்டும். சீனப் பெருநிலத்தில் படங்களுக்கு வயதுவாரிச் சான்றிதழ் முறையே கிடையாது. அனுமதி கிடைத்தால் எல்லோரும் பார்க்கலாம், கிடைக்காவிட்டால் யாரும் பார்க்க முடியாது. எனவே அங்கே திரையிடப்பட்டது என்பதை வைத்து இது சிறுவர்க்கு ஏற்றது என்று எண்ணிவிடாதீர்கள். தற்கொலை, அடி, உடையைக் கிழிப்பது, இரத்தம், ஒரு கொலை விசாரணை எல்லாம் இதில் இருக்கின்றன. என் கணிப்பில் பதினான்கு வயதுக்குக் கீழே வேண்டாம். அந்த வயதுக்கு மேலும், வதைக்கு ஆளாகிக்கொண்டிருக்கும் பிள்ளை என்றால் தனியாகப் பார்க்க விடாதீர்கள். ஒரு பெரியவர் முன்கூட்டியே முழுவதும் பார்த்து, எந்தெந்த இடத்தில் கை பற்ற வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பது அவசியம். அதற்குத்தான் முதலில் வாடகைக்கு எடுங்கள் என்று சொன்னேன். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். படம் உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று தோன்றினால் தகடு வாங்கும் செலவும் மிச்சம்.

கடைசிவரை பாருங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கதை முடிந்தபின் பள்ளி வதைக்கு எதிராகச் சீன அரசு எடுத்த நடவடிக்கைகள் எழுத்தாக வருகின்றன. தணிக்கைக்குக் கொடுத்த விலை அது என்று விமர்சகர்கள் பலர் குறைசொன்னார்கள். எனக்கும் முதல்முறை உறுத்தியது. ஆனால் படத்துக்குள்ளேயே அதற்கு ஒரு பதில் இருக்கிறது. காவல்துறையினர் பேசிக்கொள்ளும் காட்சியில், பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழுகிறது. தலைமை ஆசிரியரைக் கேட்டால் வகுப்பாசிரியரைக் காட்டுகிறார். வகுப்பாசிரியர் பெற்றோரைக் காட்டுகிறார். பெற்றோரோ குவாங்தோங்கில் கூலிவேலையில் இருக்கிறார்கள், ஊருக்கு வருவதே ஆண்டுக்கு ஒருமுறை. சென் நியனின் தாயும் அருகில் இல்லை. கடன்காரர்களுக்குப் பயந்து, முகத்தில் ஒட்டும் அழகுத் தாள் விற்று, ஊர் ஊராக அலைகிறாள். அந்த வட்டத்தைக் காட்டிய பிறகு வரும் அரசு வாக்குறுதிகளை, ஆம், இனி இவற்றுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று பிடித்துக் கேட்கும் பட்டியலாகவும் வாசிக்க முடியும். 2021 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த, திருத்தப்பட்ட சிறார் பாதுகாப்புச் சட்டத்தில், மாணவர் வதையைத் தடுக்கப் பள்ளிகள் தனி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சீனா எழுதிவைத்தது. படத்தால்தான் வந்தது என்று சொல்லமாட்டேன். படம் வந்த காலத்தின் கவலையும் அந்தச் சட்டத்தின் கவலையும் ஒன்றே.

ஆசிரியர்கள் யாரேனும் இதைப் பள்ளியில் திரையிட எண்ணினால், அவர்களுக்கும் தகடே வசதி. சந்தாத் தளங்களின் விதிகள் பொதுவாக வீட்டுப் பயன்பாட்டை மட்டுமே அனுமதிக்கின்றன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளின் ஓர் அங்கமாக, மாணவர், ஊழியர், பெற்றோர் மற்றும் அந்தச் செயல்பாடுகளோடு தொடர்புடையோர் மட்டும் பார்வையாளர்களாக இருக்கும்போது திரைப்படம் காட்டுவதற்கு இடம் தருகிறது. கட்டணம் வாங்கி ஊராரைக் கூட்டினால் அது வேறு கதை. பள்ளி இணையத்தை நம்பி இருநூறு பிள்ளைகளை உட்காரவைப்பதைவிடத் தகடு எவ்வளவோ நம்பகமானது. ஆனால் இருநூறு பேர் வேண்டாம் என்பேன், ஒரு வகுப்பு போதும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சனிக்கிழமை மாலை, நானும் அவளும் மட்டும். தகட்டைப் போட்டேன். ரிமோட்டை அவள் கையிலேயே கொடுத்தேன், வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்திவிடு என்று. சென் நியனின் நாற்காலியில் சிவப்பு மை ஊற்றிவைத்திருக்கும் இடம் வந்தபோது அவள் நிறுத்தினாள். திரையைப் பார்த்தபடியே, “அத்தை, என் பையில் தண்ணீர் ஊற்றுவார்கள். வேனில், தினமும்” என்றாள். அன்று படம் அதற்குமேல் ஓடவில்லை. அண்ணனைக் கூப்பிட்டோம். திங்கட்கிழமை மூவரும் பள்ளிக்குப் போனோம், பிறகு மறுபடியும் போனோம். அவளுக்கு வேன் மாறியது, வகுப்பும் மாறியது.

இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் படத்தைப் பார்க்கத் தொடங்கினால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் முடித்தாக வேண்டும். நாங்கள் மீதியைப் பார்த்தது பதினோரு நாட்கள் கழித்து. அவளாகவே வந்து, “அந்தப் படத்தை எங்கே விட்டோம்?” என்று கேட்டாள். தகடு ப்ளேயருக்குள்ளேயே இருந்தது.